மாடியில் காய், ஜாடியில் ஊறுகாய்: கையில் காசு மிஞ்சுமா?

வாடகைவீடு (மடிப்பாக்கம்):

வணக்கம். வீட்டில் நாங்கள் நான்கு பேர். காய்கறிக்கு மட்டும் மாதம் 4,000 ரூபாய் போகிறது. கீரை, ஊறுகாய், வற்றல் எல்லாம் தனி. மாடி எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது, வெயிலும் நன்றாக விழும். "தளம் ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் சரி" என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். மாடித்தோட்டம் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்து 25 பைகளுக்கு 12,000 ரூபாய் கேட்கிறார். மனைவிக்கு ஆசை, எனக்குக் கணக்கு உதைக்கிறது.

ஆரோக்கியம், மனநிம்மதி, பிள்ளைகள் மண்ணைத் தொடுவது எல்லாம் நல்ல விஷயங்கள்தான், அவற்றை இந்த விவாத இழையில் விட்டுவிடுவோம். காசு மிச்சமாகுமா, ஆகாதா? அதிகமாகக் காய்த்தால் ஊறுகாய் போடலாம் என்கிறார்கள். அதிலாவது லாபம் உண்டா?

---

கணக்குப்பிள்ளை:

முதலில் அந்த 12,000-த்தைக் கொடுக்காதீர்கள். பைக்கு 480 ரூபாய் ஆகிறது. நீங்களே செய்தால் எவ்வளவு என்று பாருங்கள்.

12 அங்குலப் பை 40 ரூபாய். அதில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். 5 கிலோ தென்னை நார்க்கட்டி 180 ரூபாய்க்குக் கிடைக்கும், தண்ணீரில் ஊறினால் 70 லிட்டர் வரை பொங்கி வரும். மண்புழு உரம் கிலோ 12 முதல் 15. செம்மண், நார்க்கழிவு, உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டால் பை ஒன்றுக்கு 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு (கிட்) கொடுக்கும் சமயத்தில் இன்னும் குறையும். வட்டார அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இனி வரவு. ஒரு தக்காளிச் செடி, பூச்சி விழாமல், தண்ணீர் தவறாமல் வளர்ந்தால் 2 அல்லது 3 கிலோ கொடுக்கும். கிலோ 30 என்றால் 90 ரூபாய். அதற்கு நான்கு மாதம் அந்தப் பையைக் குத்தகைக்கு விட்ட மாதிரி. வெண்டை இன்னும் மோசம். நாலு பேருக்கு ஒரு வேளைப் பொரியலுக்குப் பறிக்க வேண்டும் என்றால் பத்துப் பதினைந்து செடி வேண்டும். வெங்காயம், உருளை, கேரட் பக்கம் போகவே வேண்டாம், அவை கிலோக்கணக்கில் வாங்குவதற்கென்றே இருக்கும் காய்கள்.

ஆனால் கீரையைப் பாருங்கள். சென்னையில் கட்டு 20 ரூபாய், வாரம் மூன்று கட்டு. வருடத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல். அந்த மூன்று கட்டையும் ஏழெட்டுப் பையில் மாறி மாறி விதைத்து எடுத்துவிடலாம். விதைக்குச் செலவே இல்லை: வெந்தயமும் தனியாவும் அஞ்சறைப் பெட்டியில் இருக்கின்றன, பொன்னாங்கண்ணியும் புதினாவும் கடையில் வாங்கிய கட்டின் தண்டையே நட்டால் துளிர்க்கும். தனியாவை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும், முழுசாகப் போட்டால் சரியாக முளைக்காது.

சுருக்கமாக: கீரை லாபம், தக்காளி நஷ்டம். ஊறுகாய்க் கணக்கை வேறு யாராவது சொல்லட்டும், நான் சாப்பிடுகிறவன் மட்டும்தான்.

---

சும்மாவந்தேன்:

2023 ஜூலையில் தக்காளி விற்ற விலையை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் சார். மொட்டைமாடிக்கு வருமான வரி கட்ட வேண்டியிருக்கும்.

---

கணக்குப்பிள்ளை:

சிரிப்புக்குச் சரி. ஆனால் அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அந்த ஜூலையில் வெளிச்சந்தையில் கிலோ 100 தாண்டியது, சென்னை ரேஷன் கடைகளில் 60-க்குக் கொடுத்தார்கள், எல்லாம் உண்மை. ஜூலையில் பழம் பறிக்க வேண்டுமானால் ஏப்ரலில் நாற்று நட்டிருக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் தக்காளிப் பூ கொட்டிவிடும், பிஞ்சு பிடிக்காது. விலை ஏறுவதற்கே அதுவும் ஒரு காரணம். வயலில் காய்க்காத பருவத்தில் உங்கள் மாடியில் மட்டும் காய்த்துக் குலுங்குமா? தளச்சூட்டில் வயலைவிட மோசமாகத்தான் இருக்கும். விலை உச்சத்தில் இருக்கும்போது உங்கள் செடியும் கையை விரிக்கும். விலை 10 ரூபாய்க்கு இறங்கும்போது உங்கள் செடியும் அள்ளிக் கொடுக்கும்.

---

பாலக்கோட்டான்:

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு. நான் தர்மபுரி மாவட்டம், தக்காளி விவசாயம். எங்கள் பக்கம் வரத்து அதிகமானால் 15 கிலோப் பெட்டி 100 ரூபாய்க்குக்கூடப் போகாது. பறிக்கிற கூலி, வண்டி வாடகை, கமிஷன் போனால் கையிலிருந்து போட வேண்டும். அதனால் பறிக்காமலே வயலில் விட்டுவிடுவோம், மாட்டை அவிழ்த்து விடுவோம். டிவியில் ரோட்டில் கொட்டுவதைக் காட்டுவார்களே, அதே கதைதான்.

நீங்கள் மாடியில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் தக்காளியை வளர்க்காதீர்கள், மலிந்த வாரத்தில் பெட்டியாக வாங்குங்கள். மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி எடுத்தால் ஆளுக்கு 5 கிலோ. அதைத் தொக்காக்கி வைத்துக்கொண்டால் விலை ஏறும் மாதத்தில் சட்னிக்கு, சாதத்துக்கு, குழம்புக்கு ஒரு கரண்டி போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கும் லாபம், எங்கள் பெட்டியும் ஒன்று கூடுதலாகப் போகும்.

---

கட்டடக்காரன்:

சிவில் ஆள். வாடகை வீடு என்பதால் ஒரு வார்த்தை. ஆள் ஏறி இறங்கும் மொட்டைமாடிக்கு நம் இந்தியத் தர விதியில் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு பாரம் வைத்துத்தான் வடிவமைப்பார்கள். ஈரமான 20 லிட்டர்ப் பை ஒன்று 15 முதல் 20 கிலோ இருக்கும். 25 பை ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஆனால் எல்லாவற்றையும் நடுத்தளத்தில் குவிக்காதீர்கள். கீழே உத்தரமும் சுவரும் ஓடும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். செங்கல் அல்லது இரும்புத் தாங்கி மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும், தளம் காயும். பை நேராகத் தளத்தில் உட்கார்ந்தால் அடியில் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும், வேர் விரிசலைத் தேடும். ஒழுகினால் அந்தச் செலவில் பத்து வருடத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

பெரிய டிரம்மில் மண்ணை நிரப்பி மா, கொய்யா வைப்பவர்கள் வேறு கணக்குப் பார்க்க வேண்டும்.

---

தாமிரபரணி:

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி தக்காளியை நஷ்டம் என்றார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கீரையோடு நிறுத்திவிட்டார். மாடியில் நிஜமாகவே காசு தரும் செடிகள் வேறு. அவற்றை யாரும் விற்பனைப் பட்டியலில் வைப்பதில்லை, ஏனென்றால் விதைப் பாக்கெட்டில் படம் போட அழகாக இருக்காது.

முதல் இடம் சுண்டைக்காய்க்கு. ஒரு பெரிய பை அல்லது பழைய டிரம், ஒரே ஒரு செடி. நட்டால் சில வருடம் நிற்கும், வெயில் தாங்கும், ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. கத்தரியைத் தாக்கும் வாடல் நோயும் நூற்புழுவும் இதை எளிதில் அண்டாது. அதனால்தான் சுண்டைக்காய் வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டி நாற்று விற்கிறார்கள். உங்களுக்குக் கத்தரிக்காய் வேண்டும் என்றால் சாதா நாற்றை விட்டு அந்த ஒட்டு நாற்றை வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் ஒரு பையில் ஒரு வருடத்துக்கு மேல் காய் பறிக்கலாம்.

இரண்டாவது மணத்தக்காளி. கீரையும் தரும், காயும் தரும். பழம் கீழே விழுந்தால் அதுவே முளைக்கும். ஒரு செடி வைத்தால் அடுத்த மழைக்கு மாடி முழுக்க மணத்தக்காளிதான்.

இந்த இரண்டும் கடையில் பச்சையாக வாங்கினால் பெரிய விலை இல்லை. வற்றலாக வாங்கிப் பாருங்கள்! எங்கள் பக்கத்துக் கடையில் மணத்தக்காளி வற்றல் 100 கிராம் 90 ரூபாய். சுண்டை வற்றல் 60. ஏன் அந்த விலை? காயில் பெரும்பகுதி தண்ணீர், காய்ந்தால் கால் பங்குகூடத் தேறாது. அப்புறம் பறிக்கிற கூலி. அவ்வளவு சின்னக் காயை ஆள் வைத்துப் பறித்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்? அந்தக் கூலியை நீங்கள் காப்பி குடித்துக்கொண்டே மிச்சம் பிடிக்கிறீர்கள்.

செய்முறை தெரியாதவர்களுக்கு: சுண்டைக்காயைக் காம்பு நீக்கி லேசாகத் தட்டிக்கொள்ளுங்கள், நசுங்கக் கூடாது, வாய் பிளந்தால் போதும். கழுவினால் கசப்பும் விதையும் கொஞ்சம் போகும். புளித்த மோரில் உப்புப் போட்டு ஊற வையுங்கள். பகலில் எடுத்து வெயிலில் காயப் போடுங்கள், சாயங்காலம் திரும்ப அதே மோரில். மோர் வற்றும் வரை இதே வேலை. பிறகு கலகல என்று ஆகும் வரை வெறும் வெயில். மோர் மிளகாயும் இதே வழிதான், மிளகாயைக் கீறிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

மற்றவை: கறிவேப்பிலை ஒரு செடி கண்டிப்பாக. பச்சை மிளகாய் நாலைந்து. மிளகாய்க்கு இலைச்சுருட்டு வரும், இலைப்பேன் தாக்குதல்தான் பெரும்பாலும் காரணம். தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் காதிச் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும். இடம் இருந்தால் பிரண்டை ஒரு கொடி, அது கேட்பாரற்று வளரும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது மாடிக்கும் பொருந்தும், சித்திரையில் ஆரம்பித்துவிட்டு வெயிலைத் திட்டாதீர்கள்.

---

சும்மாவந்தேன்:

"காப்பி குடித்துக்கொண்டே" என்ற இடத்தில் காப்பிச் செலவை யார் சேர்ப்பது?

---

கும்பகோணம் மாமி:

தம்பி வாடகைவீடு, ஊறுகாய்க் கணக்கை நான் சொல்கிறேன். இந்த இழையில் எல்லாரும் ஊறுகாய் என்றால் ஒன்றுதான் என்று நினைத்துப் பேசுகிறார்கள். எண்ணெய் குடிக்கும் ஊறுகாய் ஒரு வகை, எண்ணெய் கேட்காத ஊறுகாய் இன்னொரு வகை. காசு விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம்.

எண்ணெய் மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் ஒரு கிலோ 40 ரூபாய். நல்லெண்ணெய் கால் லிட்டர் 100. மிளகாய்த்தூள் 100 கிராம் 35. கடுகும் வெந்தயமும் 20, பெருங்காயம் 15, கல் உப்பு 4 ரூபாய். மொத்தம் 214. ஒன்றரைக் கிலோ ஊறுகாய் கிடைக்கும். கடையில் 300 கிராம் பாட்டில் 95 என்றால் அது ஐந்து பாட்டில், 475 ரூபாய். மிச்சம் 260 சொச்சம். வருடத்துக்கு இரண்டு தடவை போட்டால் 500 ரூபாய். வேண்டாம் என்று சொல்கிற தொகை இல்லை, ஆனால் குடும்பம் நிமிர்ந்துவிடாது. செலவில் பாதி எண்ணெய் என்பதைக் கவனியுங்கள். மாங்காய் சும்மா வந்தாலும் 40 ரூபாய்தான் குறையும். ஆகவே ஊறுகாய்க்காக மாமரம் வளர்க்க வேண்டாம்! (கட்டடக்காரர் வேறு பயமுறுத்திவிட்டார்.)

இப்போது எண்ணெய் கேட்காதவை. உப்பு நார்த்தங்காய். காயைச் சுருள் சுருளாக, துண்டாகாமல் நறுக்கி, உள்ளே கல் உப்பை அடைத்து ஜாடியில் போட்டு, தினமும் குலுக்கிவிட்டு, சாறு விட்டதும் பகலில் வெயில், ராத்திரி திரும்பச் சாற்றில். செலவு காயும் உப்பும் மட்டும். வருஷக்கணக்கில் கெடாது, கறுக்கக் கறுக்க ருசி. காய்ச்சல் கஞ்சிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மாவடு. மாசி, பங்குனியில் வரும். வந்த முதல் வாரம் வாங்காதீர்கள், விலை கூரை மேல் இருக்கும். வரத்து பெருகியதும் இறங்கும், அதற்காக ரொம்பவும் காத்திருந்தால் கொட்டை முற்றிவிடும். கொட்டை கத்தியில் வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட வேண்டும், அதுதான் பதம். காம்பு கொஞ்சம் விட்டு, கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு கரண்டி விளக்கெண்ணெய் தடவுங்கள். கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு, மஞ்சள். காலையும் மாலையும் குலுக்கிவிட்டால் நாலைந்து நாளில் தண்ணீர் விட்டு வடு சுருங்கும். அந்தத் தண்ணீரிலேயே கடுகும் வரமிளகாயும் அரைத்து விடுங்கள். வடு தீர்ந்தபின் அந்தக் காரத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பச்சைச் சுண்டைக்காயைக் கீறிப் போட்டால் இன்னொரு ஊறுகாய். தாமிரபரணி சொன்ன செடி இங்கே உதவும்.

எலுமிச்சை கோடையில் கிலோ 200 வரை போகும், 2022 ஏப்ரலில் அதற்கும் மேலே போனது. மழை முடிந்த மாதங்களில் 50, 60-க்குக் கிடைக்கும். அப்போது உப்பில் போட்டு வைத்துக்கொண்டால் தாளிப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எண்ணெயையும் அன்றன்றைக்கு வேண்டிய அளவு விட்டால் போதும்.

கொத்தவரங்காய் வற்றல், கத்தரி வற்றல், பாகற்காய் வற்றல் இதெல்லாம் கணக்கில் சேரவே சேராத சிக்கனம். காய் வாங்க முடியாத மழை நாளில் வற்றல்குழம்பு வைத்து ஒரு நாளை ஓட்டிவிடலாம். அந்த ஒரு நாள் காய்ச் செலவை யார் எழுதி வைக்கிறார்கள்?

---

நுண்ணோக்கி:

உணவு நுண்ணுயிரியல் படித்தவன். மாமி சொன்ன அளவுகள் பாதுகாப்பானவை. வேறு ஒரு விஷயம் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இப்போது வீடியோக்களில் "உப்பு குறைவு, எண்ணெய் நிறைய, புளிப்பே இல்லை" என்று பூண்டு ஊறுகாய் போடுகிறார்கள். சமைக்காத பூண்டை எண்ணெயில் அமிழ்த்தி வெளியே வைப்பது ஆபத்து. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. புளிப்பும் உப்பும் போதாத இடத்தில், காற்று இல்லாமல் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி நஞ்சை உண்டாக்கலாம். நிறம், மணம், ருசி எதுவும் மாறாமலே இருக்கக்கூடும். அமிலக் காரக் குறியீடு (pH) 4.6-க்குக் கீழே போனால் அது வளராது. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வினிகர் இவற்றில் ஒன்று தாராளமாகச் சேர வேண்டும் என்பது அதனால்தான்.

---

நாக்குநீளம்:

எங்கள் பாட்டி காலத்தில் எத்தனை ஜாடி பூண்டு ஊறுகாய் போட்டார்கள்! யாரும் செத்தா போனார்கள்? படித்தவர்கள் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துகிறீர்கள்.

---

நுண்ணோக்கி:

உங்கள் பாட்டியின் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் எவ்வளவு இருந்தன என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பூண்டை எண்ணெயில் வதக்கி, புளி காய்ச்சி விட்டு, வாயில் வைத்தால் கூசும் அளவு உப்புப் போட்டிருப்பார்கள். அந்த முறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதில் உப்பைப் பாதியாக்கி, புளியை எடுத்துவிட்டு, "பாட்டி செய்முறை" என்று பேர் வைத்தால் அது பாட்டி செய்முறை இல்லை.

---

வாடகைவீடு:

நுண்ணோக்கி சார், என் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைத்துப் போடவே முடியாதா?

---

நுண்ணோக்கி:

வெளியே வைத்து ஒரு வருடம் சாப்பிடும் ஊறுகாயில் குறைக்காதீர்கள், கெட்டுப்போகும். 12 சதவீத உப்புள்ள ஊறுகாயை 15 கிராம், அதாவது ஒரு பெரிய கரண்டி சாப்பிட்டால் 1.8 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. ஆகவே தொட்டுக்கொள்ளும் அளவைத்தான் குறைக்க வேண்டும், அதையும் அப்பாவின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்புக் குறைவாக வேண்டுமென்றால் முறையையே மாற்றலாம். முள்ளங்கி, முட்டைக்கோஸ், கேரட்டை நறுக்கி எடையில் 2 முதல் 3 சதவீதம் உப்புப் போட்டுப் பிசைந்து, விட்ட தண்ணீரிலேயே மூழ்கும்படி அழுத்தி வையுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்து நாலைந்து நாளில் புளிக்கும், நம் ஊர்ச் சூட்டில் அதற்கு முன்பேகூட. பிறகு ஃபிரிட்ஜில் வைத்துச் சில வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இது நாள் பட வைக்கும் சரக்கு இல்லை. மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் அது ஈஸ்ட், எடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, பஞ்சு மாதிரிப் பூசணம் வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம்.

அலுமினியம், பித்தளை, இரும்புப் பாத்திரம் எதுவும் கூடாது. ஜாடியோ கண்ணாடியோ போதும்.

---

வலிகாமம்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் லாபமா நட்டமா என்று பார்க்கிறீர்கள், எங்களுக்கு 2022 இல் அந்தத் தெரிவே இருக்கவில்லை. 2021 இல் இரசாயன உரம் நிறுத்தம், அடுத்த வருடம் எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மரக்கறி விலை நாளுக்கு நாள் ஏறியது. வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு ஜூன் மாதம் வெள்ளிக்கிழமை லீவு கொடுக்கிற முடிவுகூட எடுத்தார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் கைகொடுத்தது கத்தரியும் பயற்றங்காயும் முருங்கையும். முருங்கைக்கு யாரும் உரம் போடுவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அடுப்பே வேண்டாத பதப்படுத்தல். எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் தொக்கு கிண்ட முடியுமா? மோர் மிளகாய், பாகற்காய் வற்றல், வேப்பம்பூ வடகம், எல்லாம் வெயில் வேலை. வேப்பம்பூ பங்குனி, சித்திரையில் முற்றத்தில் சும்மா கொட்டும். உளுந்து அரைத்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் சேர்த்துக் குழைத்துத் தட்டி நன்றாகக் காயவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். சோற்றோடு பொரித்துச் சாப்பிடலாம், மரக்கறி இல்லாத நாளில் அதுவே கறி.

ஆகவே கணக்குப் போடும்போது எரிவாயுச் செலவையும் எழுதுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

வலிகாமம் சொன்னது நியாயம், எழுதிவிடுகிறேன். தக்காளித் தொக்கு 5 கிலோவுக்கு: மலிவு வாரத்தில் தக்காளி 50 ரூபாய், நல்லெண்ணெய் 400 மில்லி 160, மிளகாய்த்தூள் 50, புளி, உப்பு, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 40. அடுப்பு ஒன்றரை மணி நேரம் எரிந்தால் எரிவாயு 20 ரூபாய்க்குள். ஆக 320. சுண்டினால் இரண்டு கிலோவுக்கு உள்ளேதான் தேறும். இதிலும் பாதி எண்ணெய்தான். தக்காளியை வளர்த்ததால் வரும் மிச்சம் அந்த 50 ரூபாய் மட்டும்! மாமி மாங்காய்க்குச் சொன்னதே இங்கும்.

தக்காளியை வட்டமாக நறுக்கி உப்புத் தூவி வெயிலில் காயவைத்தால் எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர் என்பதால் 5 கிலோ போட்டால் 300 கிராம்தான் கிடைக்கும். பார்க்க ஏமாற்றமாக இருக்கும், ஆனால் குழம்பில் நாலு வில்லை போட்டால் போதும்.

---

நாக்குநீளம்:

எல்லாம் சரி, வெயிலில் காயப் போட்டால் காக்கா, அணில், புறா? எங்கள் அபார்ட்மெண்ட் மாடியில் வடாம் போட்டுக் காவலுக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூலி?

---

தாமிரபரணி:

பழைய கொசுவலையைக் கட்டிலின் மேல் விரித்து ஓரத்தில் செங்கல் வையுங்கள். தூசியும் விழாது. கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்தாலும் காக்கா கொஞ்ச நாளைக்குப் பயப்படும், அப்புறம் அதன் மேலேயே உட்காரும்.

---

பாலக்கோட்டான்:

ஒன்று விட்டுப்போனது. நாட்டு ரகமாக இருந்தால் விதையை நீங்களே எடுத்து வையுங்கள். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து முளைக்க வைத்தால் தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும். கத்தரியில் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி கிடைத்தால் வையுங்கள், புவிசார் குறியீடு வாங்கிய காய். ஒரு காயைப் பழுக்க விட்டால் அடுத்த பட்டத்துக்கு உங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் விதை ஆச்சு. விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து எடுத்து வைப்பது எங்கள் வழக்கம்.

---

கட்டடக்காரன்:

தண்ணீர்ச் செலவை யாரும் பேசவில்லையே. மடிப்பாக்கம் பக்கம் கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவீர்கள் அல்லவா? 25 பைக்குத் தினம் 25 முதல் 40 லிட்டர் ஆகும். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இவற்றை ஒரு வாளியில் பிடித்தால் பாதி சமாளிக்கலாம். வாஷிங் மெஷின் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றாதீர்கள். செடிகள் மேல் பச்சை நிழல்வலை கட்டினால் வெயில் மாதங்களில் தண்ணீரும் குறையும், கீரையும் கருகாது.

---

வாடகைவீடு:

எல்லாருக்கும் நன்றி. மனைவியும் நானும் இழை முழுவதையும் உட்கார்ந்து படித்தோம். 12,000 ரூபாய்க்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். 12 பைகளில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம்: எட்டில் கீரை வகைகள், இரண்டில் பச்சை மிளகாய், ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் ஒட்டுக் கத்தரி. சுண்டைக்காய்க்கு ஒரு பழைய பெயிண்ட் டிரம் இருக்கிறது. கணக்குப்பிள்ளை சார் விலைப்படி 2,000 ரூபாய்க்குள் முடியும். தக்காளி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், பையன் ஒரு செடியாவது வேண்டும் என்கிறான். ஆகவே 13 பை.

ஊறுகாயில் இந்த வருடம் மாவடுவும் உப்பு நார்த்தங்காயும் மட்டும். இரண்டு கேள்வி. டிரம்மில் பெயிண்ட் இருந்ததால் செடிக்கு ஆகுமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள். மாமியிடம் கேட்பது: ஜாடி இல்லாமல் பிளாஸ்டிக் டப்பாவில் மாவடு போடலாமா? வாடகை வீட்டில் ஜாடியை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு மாற வேண்டியிருக்கிறது.

---

தாமிரபரணி:

பெயிண்ட் டிரம் வேண்டாம் தம்பி, சாப்பிடுகிற செடிக்கு எதற்கு வம்பு? எண்ணெய் டின் அல்லது உணவுப் பொருள் வந்த டிரம் பழைய சாமான் கடையில் கிடைக்கும். அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுச்சில்லு வையுங்கள்.

---

கும்பகோணம் மாமி:

பிளாஸ்டிக் வேண்டாம். அவ்வளவு உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் அதில் கிடப்பது எனக்குப் பிடிக்காது, காரவாடையும் போகவே போகாது. ஜாடி கனம் என்றால் ஹார்லிக்ஸ் வந்த பழைய கண்ணாடி பாட்டில்கள் நாலு எடுத்துப் பிரித்துப் போடுங்கள். ஒன்றைத் திறந்து சாப்பிடும்போது மற்ற மூன்றும் கைபடாமல் இருக்கும். மூடி தகரமாக இருந்தால் உள்ளே வாழை இலைத் துண்டோ வெள்ளைத் துணியோ வைத்து மூடுங்கள், உப்புப் பட்டால் துரு ஏறும். மாசி பிறந்ததும் விலை விசாரித்து இங்கே எழுதுங்கள், வாங்கலாமா இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று சொல்கிறேன்.